தொட்டிப் பனைக்கு வெயில் ஆகாது

பங்குனி பிறந்தால் போதும், என் வீட்டுக்காரர் ஊர்க்காவலனுக்குப் பித்துப் பிடித்துவிடும். வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனி ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு தொட்டிப் பனைகளைக் கேட்டு வாங்கி வந்தவர் அவர். இலை நுனி காய்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்ப்பார். காய்ந்தால் கூடத்துக்குள் வைக்க வேண்டும். ஆவணியில் மழை விழுந்த பிறகுதான் வாசலுக்கு வரும்.

"ஊருல உள்ள பனையெல்லாம் வெயில்லதான் நிக்குது. உங்க பனைக்கு மட்டும் குடை பிடிக்கணுமாக்கும்?" என்று கத்துவேன்.

"இது அழகுக்கு வைக்கிற பனை பிள்ள. வெயில் ஆகாது" என்பார். அவருக்கு மட்டும் வெயில் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கத்திரியில் விஸ்வநத்தம் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்தது. அவரை மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் கிடந்தேன். இன்று காலையில் அவருடைய அண்ணன் நல்லசிவம், "வீட்டுக்குப் போயி மாத்துத்துணி எடுத்துட்டு வா தாயி" என்று என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவும் அவள் புருஷனும் ஒரு தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். உச்சி வெயில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா பண்றீக? இந்த வெயில்ல கருகிப் போயிரும்ல! அவுக வந்தா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாக."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்டைக் கூட்டிவிடலாமேன்னு..."

"நான் கேட்டேனா? என் வீட்டைக் கூட்டச் சொல்லி நான் கேட்டேனா?"

தனியாளாகத் தொட்டியை உள்ளே தள்ளினேன். விரல் தோல் உரிந்தது. செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். ராக்காயி அக்கா போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள். தெருப் பெண்கள் எதிரே கூடி நின்றார்கள், ஒருத்திகூட என்னிடம் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

ராக்காயி புருஷனின் செல்போன் அடித்தது. "ஆமாண்ணே, வந்துட்டா. இன்னும் சொல்லலண்ணே" என்றார்.

செம்பைக் கீழே வைத்தேன். "எப்பக்கா?" என்று கேட்டேன்.

"விடியுமுன்னயே தாயி. அவுகளக் கொண்டாற வண்டி கல்லுப்பட்டி தாண்டிருச்சாம்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவர் மேல், அவர் அண்ணன் மேல், எல்லோர் மேலும். சின்னக் கூடம். இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். தெற்கு வடக்காக ஒருதரம் பார்த்தேன்.

"ரெண்டையும் வெளிய எடுங்கண்ணே" என்றேன். "அவுக நல்ல உசரம். ஒண்ணை மட்டும் எடுத்தா இடம் பத்தாது."