கதவுக்கு ஆகாத நாத்தனார்

தையற்காரியின் உடம்பில் அவள் நாத்தனாருடைய சிறுநீரகத்தைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து, அந்த வீட்டின் எந்தக் கதவும் சாத்தி நிற்கவில்லை. தச்சர் வந்து கீலை மாற்றினார், தாழ்ப்பாளை மாற்றினார். கடைசியில் போட்ட பெரிய பூட்டும் அவர் கண் முன்னாலேயே கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்துகொண்டது. டாக்டர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது, அதற்கு அந்நியச் சதை ஆகாது, புதிதாக வந்ததை அடித்து விரட்டாமலிருக்க மாத்திரை கொடுத்து அதைத் தூங்கவைத்திருக்கிறோம், சிலருக்கு வீடும் சேர்ந்து தூங்கிவிடும் என்றார்.

சிறுநீரகம் கொடுத்தவள் கணவனின் அக்கா. மொத்தக் காய்கறிச் சந்தையில் எடை போடுபவள். கறாரக்கா என்று கேட்டால்தான் அங்கே தெரியும். தராசில் ஒரு வெங்காயம் கூடுதலாக விழுந்தாலும் எடுத்துவிடுவாள், வார்த்தையில் மட்டும் தாராளம். தையற்காரி ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டையைச் சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் உள்பக்கம் திருப்பி, "இது தையலா, கோழி கிளறினதா?" என்று கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் வீட்டார் எல்லாரையும் சோதித்துப் பார்த்ததில் அவளுடையதுதான் ஒத்துப்போனது. ஆபரேஷனுக்குப் போகும்போதும், "உனக்காகக் குடுக்கல. என் தம்பி தனியா நிக்கக்கூடாதுன்னு குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திறந்த வீட்டில் நாய் நுழைந்தது, பூனை குட்டி போட்டது, புறா வந்து தையல் மெஷின் மேல் குடியிருந்தது. யாரோ ஒரு வழிப்போக்கர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, விலாசம் தப்பு என்று எழுந்து போனார். அப்புறம் தெருவிலிருந்த இருமல் உள்ளே வந்தது. அது நேரே தையற்காரியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பிழைப்பாளா மாட்டாளா என்று இழுபறியாகக் கிடந்தாள். டாக்டர் பயந்து மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். காய்ச்சல் இறங்கியது. அன்று காலையிலேயே வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முதலில் எல்லாருக்கும் நிம்மதி. நாயும் பூனையும் வெளியேறின. ஆனால் கதவு அத்தோடு விடவில்லை. துணி தைக்க வந்தவர்களுக்குத் திறக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்குத் திறக்கவில்லை. ஒரு நாள் மதியம், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சாப்பிட வந்தபோது, பத்து வருஷமாகத் திறந்த சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவனையும் வெளியே நிறுத்திவிட்டது.

உள்ளே தையற்காரிக்குக் கால் வீங்கியிருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு நீர் பிரியவில்லை. டாக்டர் போனில், காவல் விழித்துக்கொண்டு சிறுநீரகத்தைக் கடிக்கிறது, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் போனது போனதுதான் என்றார். அவள் உள்ளிருந்து தாழ்ப்பாளை இழுத்தாள். அது கொதித்தது. வெளியே கணவன் கடப்பாரையால் நெம்பினான். கடப்பாரை வாழைத்தண்டுபோல் வளைந்தது. ரம்பம் வைத்து அறுத்தார்கள். அறுத்த இடம் ஆறிய புண்போல் உடனே மூடிக்கொண்டது. அவள் மெஷினைப் பிடித்தபடி தரையில் சரிந்தாள். தன் வீடே தன்னைக் கொல்கிறது, அதுவும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கொல்கிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போது சந்தையிலிருந்து கறாரக்கா வந்து சேர்ந்தாள். அவள் வாசற்படியில் கால் வைத்ததும் வீடு உறுமியது. விரட்டப் பார்த்த சதையின் சொந்தக்காரியே வந்து நின்றதில், யார்மேலும் இல்லாத கோபம் அவள்மேல். கதவிலிருந்த ஆணிகள் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தன, கூரை ஓடு ஒன்று நெற்றியைக் கிழித்தது.

"என்னையாடா அடிக்கிற, மரக்கட்டை? என் உடம்பை அறுத்து வாங்கி உள்ள வச்சுக்கிட்டு எனக்கே கதவடைப்பா?"

அவள் திட்டத் திட்ட, வீட்டின் பலமெல்லாம் வாசல் பக்கம் ஓடுவதைத் தையற்காரி கண்டாள். சுவர்கள் முன்பக்கமாகச் சாய்ந்தன. பின்கட்டு ஜன்னலின் கொக்கி தளர்ந்து ஆடியது. கறாரக்கா மூச்சு வாங்க நிறுத்தினாள், கொக்கி மறுபடி இறுகியது. அவ்வளவுதான், தையற்காரிக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அண்ணி! நிறுத்தாதீங்க! இன்னும் திட்டுங்க! அவரைப் பின்பக்கம் அனுப்புங்க!"

வெளியே கறாரக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு ஆரம்பித்தாள். சந்தையில் கற்றதையெல்லாம் கொட்டினாள். கதவின் பரம்பரையை இழுத்தாள், அதைச் செய்த தச்சனை இழுத்தாள், இரண்டு கையாலும் அதைக் குத்தினாள். ஆணி தைத்த தோளிலிருந்து ரத்தம் முழங்கைவரை வழிந்தும் ஓரடி பின்வாங்கவில்லை. தையற்காரி தவழ்ந்து போய்க் கொக்கியைத் தட்டினாள். அது கழன்றது. கணவன் கம்பியில்லாத அந்தச் சின்ன ஜன்னல் வழியே அவளை மூட்டைபோல் இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். வெயில் இறங்குவதற்குள் ஊசி ஏறியது. பக்கத்துக் கட்டிலில் கறாரக்காவுக்குத் தையல் போட்டார்கள். அவள் நர்ஸிடம், தையல் நெருக்கமாக விழட்டும், இதோ படுத்திருக்கிறாளே, இவள் இதைவிட நன்றாகப் போடுவாள் என்றாள்.

காவலைத் தூங்கவும் விடாமல் முழுக்க விழிக்கவும் விடாமல் மாத்திரை அளவைப் பிடிக்க டாக்டருக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. இப்போது அந்த வீட்டுக் கதவு முழுக்கத் திறப்பதுமில்லை, முழுக்கச் சாத்துவதுமில்லை. ஆள் ஒருக்களித்து நுழையுமளவு விலகி நிற்கும். நாயைக் கண்டால் நெருங்கி மறிக்கும், வீட்டு ஆட்களுக்கு வழி விடும். கறாரக்கா வாரம் தவறாமல் வருகிறாள். அவள் நுழையும்போது மட்டும் தோளில் ஓர் இடி கொடுத்துவிட்டுத்தான் விடும். அவளும் திருப்பி ஒன்று வைத்துவிட்டு, "என்னடி, டீ இருக்கா?" என்று கேட்டபடி உள்ளே போவாள்.