பின்னறைப் பூட்டு

அந்த வீடு அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக அப்பா விட்டுப்போனது. ஆனால் குழாய் ஒழுகினால் குடியிருப்பவர்கள் கூப்பிடுவது தங்கையைத்தான். அண்ணன் தன் பங்குக்கு ஒரே ஒரு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வார். ஒவ்வொரு குடும்பமும் காலி செய்த கையோடு வந்து, பின்னறைப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். "உள்ள அப்பா சாமான் இருக்கு" என்பார். அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. முப்பது வயது தாண்டியும் எல்லாருக்கும் அவள் 'குட்டி'தான். குட்டிக்கு என்ன தெரியும்?

இந்தமுறை வீடு கேட்டு வந்தவள் ஒரு நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலில்தான் தூக்கம். முன்னறைகள் இரண்டிலும் பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. பூட்டிய கதவைக் காட்டி, அந்த அறை கிடைத்தால் வருகிறேன், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றாள். குட்டி சட்டென்று "கிடைக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் சாவி அண்ணனிடம் இருப்பது நினைவுக்கு வந்தது.

அண்ணனிடம் போனில் சாவி கேட்டாள். குடிவருகிறவர்கள் ஆட்டுவிக்கிறபடியெல்லாம் ஆட முடியாது, அவள் போனால் இன்னொருத்தி வருவாள் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பெயின்டர் வந்து, முந்தைய குடும்பம் அடித்துவிட்டுப் போன ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். குட்டி சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, சுவரில் பிடித்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட அவளுக்குக் கோபம் ஏறியது. கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் பின்னறைக் கதவின் முன்னால் போய் நின்றாள்.

"பூட்டை உடைச்சிரலாமாக்கா?" என்றார் பெயின்டர்.

"பூட்டு அவரோடது. அதைத் தொடக் கூடாது. கதவு ரெண்டு பேருக்கும் பொது."

அது வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. கீல்கள் மூன்றும் இவள் பக்கம்தான் இருந்தன. இத்தனை வருஷமாக அது யார் கண்ணிலும் படவில்லை. அண்ணன் வந்தால் தன்னைத்தான் உரித்தெடுப்பார் என்று பெயின்டர் பின்வாங்கினார். அப்படியானால் சுத்தியலையும் ஸ்குரூடிரைவரையும் மட்டும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள். ஸ்குரூடிரைவரைக் கீலின் அடியில் கொடுத்துத் தட்டியதும், துருவை உதிர்த்துக்கொண்டு கீல் கம்பிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கதவு கீல் பக்கமாகப் பிளந்து, பூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

உள்ளே பெடல் இல்லாத உடற்பயிற்சி சைக்கிள், கால் ஒடிந்த கட்டில், படம் வராத இரண்டு டிவி, விரிசல் விட்ட மீன்தொட்டி. எல்லாமே அண்ணன் வீட்டிலிருந்து கழித்தவை. அப்பாவுடையது என்று சொல்ல ஒரு செருப்புகூட இல்லை. குட்டிக்கு அழுகை வரவில்லை. ஒரு மீன்தொட்டிக்கு இவ்வளவு காலம் மரியாதை கொடுத்திருக்கிறோமே என்று சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு அடங்குமுன்பே சாமான் வண்டிக்குச் சொன்னாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, உங்கள் சாமான் உங்கள் வீட்டுக்கு வருகிறது, எங்கே இறக்குவது என்று அண்ணியைக் கேட்டு வையுங்கள் என்றாள்.

அண்ணன் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். பூட்டைப் பார்த்தார், பூட்டியே இருந்தது. மறுபக்கம் பார்த்தார், அறை திறந்து கிடந்தது.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"பூட்டு மேல என் விரல்கூடப் படலண்ணே."

"நாக்கு ரொம்ப நீளுது குட்டி."

"வாடகையில பாதிய நீங்க வாங்கும்போது நான் குட்டி இல்ல. ரூம் கேட்டா மட்டும் குட்டியா?"

அவர் பெயின்டரை முறைத்தார். பெயின்டர் சுவரில் இல்லாத ஓட்டையைத் தேட ஆரம்பித்தார்.

"இனிமே இந்த வீட்டு விஷயத்துல நான் தலையிடவே மாட்டேன், பாத்துக்க."

"ரொம்ப சந்தோஷம். சாவியைக் குடுத்துட்டுப் போங்க. கதவை மாட்டணும்."

கொடுக்கவா, மறுக்கவா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது வண்டிக்காரர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, வழியில் தொங்கும் கதவை யாராவது எடுக்கிறீர்களா என்று அதட்டினார். வேறு வழியில்லாமல் அண்ணனே பூட்டைத் திறந்தார். கதவின் ஒரு முனையை அவரே பிடிக்கவும் வேண்டியிருந்தது.

சாமானெல்லாம் வண்டியேறி, கூட்டித் துடைத்து, கதவை மாட்டி முடிக்கும் நேரத்துக்கு நர்ஸ் வந்தாள். அறையின் அமைதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் அடக்கிவைத்திருந்ததெல்லாம் பீறிட்டது. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, பெரியவன் என்ற மரியாதை இல்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, இந்தக் குடும்பம் உருப்படுமா என்று தொண்டை கிழியக் கத்தினார். குட்டி கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

கதவு திறந்தது. அண்ணன் பாதி வாக்கியத்தில் நின்றார்.

நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குட்டியிடம் திரும்பினாள். "நல்ல ரூம்ங்க. வெளிய என்ன நடக்குதுன்னே தெரியல. நாளைக்கே வந்துடறேன்."