எதிர்க்கடைக் கோடுகள்

காலை ஐந்தரைக்கு டீக்கடைக்காரர் கதவைத் திறந்தார். பெஞ்சுகளை இறக்கிப் போட்டார். குழாயைத் திறந்து பாய்லரையும், அதே தண்ணீரில் மேசை ஜக்குகளையும் நிரப்பினார். வாசல் கரும்பலகையில் அன்றைய பட்டியலை எழுதினார். பிறகு, தினமும் செய்வதுபோல், எதிர்க்கடைக்குள் நுழைகிறவர்களுக்குச் சுவரில் ஆளுக்கொரு கோடு போட ஆரம்பித்தார்.

எதிர்க்கடை வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். ஏழு மணிக்குள் கோடுகள் முப்பதைத் தாண்டின. பத்து வருடம் இங்கே டீ குடித்த தையல்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு அங்கே நுழைந்தார். கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

அவருடைய மகளுக்கு நான்கு நாளாக வயிற்று வலி. எதிர்க்கடையில் ஒரு பன் வாங்கித் தின்றதாக அவள் உளறிவிட்டாள். பெற்ற பிள்ளையே அங்கே போயிருக்கிறது. வலியைவிட அதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. எதிர்க்கடைப் பண்டம் தின்று குழந்தைகள் நோயில் விழுகிறார்கள் என்று பெயர் போடாமல் சுகாதார அலுவலகத்துக்கு எழுதினார்.

இரண்டு நாளில் சுகாதார ஆய்வாளரம்மா ஒருவர் வந்தார். எதிர்க்கடையில் ஒரு மணி நேரம் இருந்தார். கடைக்காரர் அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்கிறவர்போல வாசலிலேயே நின்றார். ஒரு கடைமேல் புகார் வந்தால் தெருவில் உள்ள எல்லாக் கடைகளையும் சோதிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

அங்கே குறை ஒன்றும் இல்லை. ஆய்வாளர் நேராக இங்கே வந்து குழாய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. காற்றில் எப்போதோ விழுந்திருக்கிறது. உள்ளே ஒரு புறா ஊறிக் கிடந்தது.

"கடைசியா எப்ப ஏறிப் பாத்தீங்க?"

அவருக்கு நினைவில்லை. கடைக்கு மேலே அவர் குடியிருக்கும் மாடி வீட்டுக்கும் அதே தொட்டிதான். மகள் மாத்திரை விழுங்கியதும் அந்தத் தண்ணீரில்தான்.

மறுசோதனை முடியும்வரை கடை திறக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

சாயங்காலம் எதிர்க்கடைப் பெண் ஒரு கேனில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொண்டுவந்தாள். பாப்பாவுக்கு என்றாள். அவர் தரையைப் பார்த்தபடி, கடிதம் எழுதியது தான்தான் என்றார். தெரியும் என்றாள். ஆய்வாளர் கையில் அது இருந்ததாம். தினமும் கரும்பலகையில் பார்க்கிற எழுத்து.

சுவரில் இருந்த கோடுகளைச் சற்று நேரம் பார்த்தாள்.

"எங்க செவுத்துலயும் இருக்குண்ணே, உங்க கடைக்கு வர்றவங்க கணக்கு. பொறாமை யாரை விட்டுச்சு? ஆனா எதிர்க்கடையில அழுக்கு தேடுற கண்ணுக்குத் தன் வீட்டு அழுக்கு தெரியாது. நம்ம தொட்டிய நாமதான் எட்டிப் பாக்கணும். அதுல குடிக்கிறது நம்ம புள்ளைங்க."