கோடு இல்லாத இடம்

முப்பிடாதியம்மாள் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் வெட்டியவை ஒரு பக்கம், வெட்டாதவை ஒரு பக்கம். எழுத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். தாராவியில் அந்த ஒற்றை அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். இன்று பாத்திரங்களும் உட்கார்ந்திருந்ததால் இசக்கி வாசலில் நின்றான். பேர் வெட்டியவையெல்லாம் அவள் தன் மகளுக்குச் சீராகக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் ‘வடிவு’ என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. சண்முகவடிவு என்று முழுதாக வெட்டக் கரண்டிக் காம்பில் இடம் போதாது.

“தப்பா நெனைக்காதிய மாப்ள,” என்றாள். “ஒங்களுக்கு முப்பத்தொண்ணுதான் ஆவுது. நாளைக்கே ஒருத்தி வருவா. வாரவ எம் மவ பேரப் பாத்துக்கிட்டே சோறு திங்கணுமா? அது ரெண்டு பேருக்குமே நல்லாருக்காது.”

வடிவு இறந்து பத்து மாதமாகிறது. இந்தப் பத்து மாதத்தில் பேசாமல் இருப்பது அவனுக்குச் சிரமமாகவே இல்லை. அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் காத்திருந்தான், வரவில்லை. காலையில் விக்ரோலி ஆபீஸ், மாலையில் திரும்பி வந்து கதவைத் திறந்து ஃபேனைப் போட்டால் அதன் சத்தம் மட்டும்.

சாக்கின் வாயைக் கட்டிவிட்டு மாமியார் நிமிர்ந்தாள்.

“அந்தப் பாட்டுத் தட்டு எங்க?”

“எது அத்த?”

“கருப்பா, பெருசா, சோத்துத் தட்டு கணக்கா. ஒங்க ரெண்டு பேரு பேரும் வெட்டுனது. போன்ல சொன்னாளே. ‘குடுத்தேம்மா, பாத்ததும் அவியளுக்குக் கண்ணு கலங்கிட்டு’ன்னா. சிரியோ சிரின்னு சிரிச்சா.” கொஞ்சம் நிறுத்தினாள். “அதுல ஒங்க பேரும் இருக்கு, அதக் கொண்டு போவ மாட்டேன். ஒரு தடவ கண்ணால பாத்துட்டுத் தந்துருதேன்.”

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியதாகவா சொன்னாள்?

“ஒரு கூட்டாளிகிட்ட இருக்கு. காலைல கொண்டு வாரேன்.”

“மத்தியானம் கல்யாண் ஸ்டேஷன்ல ரயிலு. பதினோரு மணிக்குள்ள வந்துருவியல்லா?”

“வந்துருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை சயன் ஸ்டேஷனில் ரயிலேறி குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறினான். பையில் இரண்டு இசைத்தட்டுகளும் ஒரு சி.டி.யும் இருந்தன. வடிவு கொடுத்த தட்டுக்கு மாற்றாக, அவனைப்போலவே தட்டு சேர்க்கும் கிட்டுவிடம் வாங்கியவை. சி.டி.யின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் இன்னும் பிரிக்கவில்லை.

மாட்டுங்காவில் பி.காம். படிக்கும்போது பிடித்த பைத்தியம் இது. எண்பதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் பையன்கள் ட்ரம் மெஷினையும் சின்த் கீபோர்டையும் வைத்துச் செய்த எலெக்ட்ரோ இசை, முதல் ஹிப்-ஹாப் பாட்டுகள். பன்னிரண்டு அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஒரே பாட்டு. தாராவியில் இன்று சந்துக்கு நாலு பேர் ராப் பாடுகிறார்கள். அது புறப்பட்ட இடம் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று இசக்கிக்கு ஒரு கர்வம் உண்டு. வாங்க வசதி கிடையாது. ஆனால் ஊரில் உடைந்த பிளாஸ்டிக்கெல்லாம் கடைசியில் தாராவிக்குத்தான் வருகிறது. பழைய வீடு காலி செய்தவர்கள் போடும் சி.டி.களும் தட்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து, தூளாகி, வேறு எதுவாகவோ ஆகின்றன. தூளாவதற்கு முன் போய்த் துழாவுவான்.

மூன்று வருடம் அவன் தேடிய தட்டு ஒன்று இருந்தது. நீல லேபிள், எண்பத்து மூன்றில் அச்சானது. அதன் படம் அவன் போனில் இருந்தது. வடிவு ஒருநாள் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. எதிர் வீட்டு பேகம் பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டடியில் வேலை செய்தாள். வடிவு மத்தியானங்களில் அவளுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் அங்கே உட்கார்ந்து, நாலு மாதம், வந்த தட்டையெல்லாம் படத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தைப் படமாகத்தான் ஒப்பிட்டிருக்க வேண்டும். கிடைத்ததும் நேரே பாத்திரக் கடைக்குப் போனாள். ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதென்றால் பேர் வெட்டித்தான் கொடுக்க வேண்டும், அவள் வீட்டில் அப்படித்தான்.

அந்த வருடக் கல்யாண நாளன்று கொடுத்தாள். உறையிலிருந்து அவன் அதை விளிம்பில் பிடித்து உருவினான். நீல லேபிளைப் பார்த்தான். அதைச் சுற்றி, பாட்டு முடிந்த பிறகு வருகிற வழவழப்பான வளையத்தில், ‘இசக்கி வடிவு’ என்று வெட்டியிருந்தது. கூடவே தேதியும்.

“இது என்ன சருவச்சட்டியா?” என்றான். “எங்க போனாலும் பாத்திரத்துல பேரு வெட்டுத புத்தி போவாதா ஒனக்கு? இது என்னன்னு தெரியுமா? நாசம் பண்ணிட்டியேட்டி.”

சிரித்த முகத்தை மாற்ற அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

“கோடு இருக்க எடத்துலதான பாட்டு இருக்கும்? கோடு இல்லாத எடமாக் காட்டித்தான் வெட்டச் சொன்னேன்.”

அவன் தட்டை உறைக்குள் திரும்பச் செருகினான். அடுத்த ஞாயிறு கிட்டுவிடம் கொண்டுபோய் மாற்றிவிட்டான். ஒரு தடவைகூட அதைப் போட்டுக் கேட்கவில்லை.

இதற்குமேல் நினைக்கக் கூடாதென்று பத்து மாதமாகத் தாண்டித் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. ரயில் கடலோடைப் பாலத்தில் ஏறி, சேற்று வாடை பெட்டிக்குள் வந்தபோது அன்று தாண்ட முடியவில்லை. டெங்கு காய்ச்சலின் மூன்றாம் நாள். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல் கேட்டாள்.

“அந்தத் தட்டப் போட்டுப் பாத்தியளா?”

“போட்டேன். நல்லாருக்கு.”

“எழுத்து வார எடத்துல சத்தம் கித்தம் இல்லையே?”

“ஒரு சத்தமும் இல்ல.”

அப்பாடா என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் இல்லை.

சான்பாடாவில் கிட்டு கதவைத் திறந்தார். வங்கி வேலை, நாற்பத்தைந்து வயது, பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். அவர் வீட்டில் ஒரு அறை முழுக்கத் தட்டுகள்.

“அரே, வாடா வா! எங்கடா தொலைஞ்சே? குரூப்ல ஒரு மெசேஜ் கிடையாது. இவன் கலெக்‌ஷனை வித்துட்டு சாமியாராப் போயிட்டான்னு நான் பெட் கட்டியிருக்கேன். என்னைத் தோக்க வச்சுடாதே.”

தட்டு சேர்ப்பவர்களின் அந்த வாட்ஸப் குரூப்பில் இருக்கும் பதினெட்டு பேருக்கும் அவனுடைய தட்டுகள் தெரியும். அவனுக்குக் கல்யாணமானது தெரியாது. பேச்சு அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“அந்த நீல லேபிள் வேணும் சார். இத வச்சுக்கோங்க.” பையை நீட்டினான்.

“எது, பாத்திரக்கடை எடிஷனா?” கிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “அதுக்கு என்னடா திடீர்னு டிமாண்ட்?”

அந்தப் பெயரை அவர்தான் வைத்தார். தட்டு கைமாறிய அன்று எழுத்தைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டு அப்படி எழுதினார். எல்லோரும் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். இசக்கியும் போட்டான்.

கிட்டு தட்டை எடுத்துவந்தார். மேலுறையில் வெள்ளைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. இசக்கியின் கையெழுத்து. எதை மாற்றினாலும் அதன் குறைகளை எழுதி ஒட்டித்தான் கொடுப்பார்கள், அது குரூப்பின் கட்டுப்பாடு. இங்கிலீஷில் எழுதியிருந்தான்: பாட்டு சுத்தம், லேபிளைச் சுற்றிக் கிறுக்கல், முன்பு வைத்திருந்த யாரோ செய்தது.

கிட்டுவின் மனைவி ஷ்யாமளா காப்பி கொண்டுவந்தாள். “உக்காருங்கோ,” என்று டம்ளரை வைத்தவள் தட்டின் பக்கம் குனிந்தாள். “தமிழ் மாதிரி இருக்கே?”

“தமிழா? எனக்கு என்ன எழவு தெரியும். ஏதோ பழைய சாமான் வாங்கற கபாடிக்காரன் பேர்னு நினைச்சிண்டிருந்தேன்,” என்றார் கிட்டு. “நீதான் தஞ்சாவூர் ஸ்கூல்ல படிச்சவளாச்சே, வாசி பாப்போம்.”

அவள் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். இசக்கி காப்பியைப் பார்த்தான். ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

“இசக்கி,” என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி மீதியை வாசித்தாள். “வடிவு.”

கிட்டு சீட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். “டேய், இது உன் பேரு! அப்புறம் யாரோன்னு எழுதியிருக்கே? யாருடா வடிவு?”

“எம் பொண்டாட்டி.”

“அடப்பாவி! கல்யாணம் ஆயிடுத்தா? சொல்லவே இல்லையே. சரி சரி, இப்பப் புரியறது. வீட்டுல செம டோஸ், அதான் காலங்கார்த்தால ஓடி வந்திருக்கே. அவளையும் கூட்டிண்டு வர்றதுக்கென்ன? இவ ஒரு வாய் டிபன் போட்டிருப்பா.”

ஷ்யாமளா மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செத்துட்டா சார். பத்து மாசம் ஆச்சு.” இவ்வளவோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. “இது அவ தேடிப் புடிச்சுக் குடுத்தது. பேரு வெட்டினது அசிங்கமா இருந்துச்சு எனக்கு. அதான் அப்படி எழுதினேன்.”

எதையோ செய்ய வேண்டும்போல கிட்டுவின் கை சீட்டின் முனையை நகத்தால் நெம்பத் தொடங்கியது.

“அது இருக்கட்டும் சார்,” என்றான் இசக்கி. “ஒரு தடவ போடுங்க. நான் கேட்டதில்ல.”

மணி பத்தாகப் போகிறது. கேட்டுவிட்டுக் கிளம்பினால் பதினோரு மணிக்குள் தாராவிக்குப் போய்ச் சேர முடியாது. கிட்டு தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கினார். மெஷின் தாளம் புறப்பட்டது. மூன்று வருடம் போனில் கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடமான பாட்டுதான். தட்டில் அது இன்னும் அடியாழத்திலிருந்து வந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு பொரிச்சல் இல்லை. அவள் சொன்னது சரி. கோடு இருந்த இடத்தில் எவனையும் அவள் கைவைக்க விடவில்லை.

பாட்டு முடிந்தது. ஊசி வளையத்துக்குள் வழுக்கியது. கோடே இல்லாத இடம் என்று அவள் நினைத்திருந்தாள். ஊசியை உள்ளே அழைத்துப்போகும் ஒற்றைக் கோடு ஒன்று அங்கேயும் உண்டு. ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு சுற்று அமைதி. மறுபடி ட்ர்ர்ர். பாத்திரக் கடையில் வெட்டும் மெஷினின் சத்தம் அதே மாதிரிதான் இருக்கும். கடைக்காரனின் முகத்துக்கு நேரே தட்டை ஏந்திக்கொண்டு, இங்க, இந்த எடத்துல, என்று விரலை வைத்துக் காட்டியபடி அவள் கேட்டுக்கொண்டு நின்ற சத்தம்.

ஊசி தேய்ந்துவிடுமே என்று, பழக்கத்தில், அதைத் தூக்கக் கிட்டுவின் கை உயர்ந்தது. ஷ்யாமளா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இசக்கியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. நீல லேபிள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னல் வெளிச்சம் அந்தப் புள்ளிகளில் பட்டு, ஒரு கணம் வெள்ளையாகி, போய், திரும்பி வந்தது.