காலையில் மட்டும் நடுங்கும் கார்

எங்கள் கார் காலையில் மட்டும்தான் நடுங்கும். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும், அதில் குறை சொல்ல முடியாது. கிளம்பிய கையோடு ஆட்டம் ஆரம்பமாகும். ஸ்டியரிங் உதறும், கண்ணாடி அதிரும், பின்னாலிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று வரும். பாவம் பார்த்து ஆக்ஸிலேட்டரை விட்டால் செத்துப்போகும். கொஞ்ச நேரம் உயிரை வாங்கிவிட்டு, சூடு ஏறியதும் பரம சாதுவாகிவிடும். அதன்பிறகு நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு முனகல் இருக்காது. நான் சொல்வதை நம்ப ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் ஒரு மெக்கானிக் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர், இவரே மெக்கானிக்தான். சொந்தமாக ஷெட் வைத்திருந்தார். வாதம் வந்து வலப்பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போனபிறகு ஷெட்டின் ஷட்டர் இறங்கியது, இறங்கினது இறங்கினதுதான். இடது கை மட்டும் மிச்சம். “பேச்சு மட்டும் இல்லம்மா, நாம பேசுறதப் புரிஞ்சுக்கிற இடமும் அடி வாங்கியிருக்கு. ரொம்ப எதிர்பார்க்காதீங்க” என்றார் டாக்டர். நானும் எதிர்பார்ப்பதை விட்டேன். எதிர்பார்க்கவும் தெம்பு வேண்டுமே.

தினமும் காலையில் பிசியோதெரபி. முதல் ஆளாகப் போனால்தான் அவரை அங்கே விட்டுவிட்டு நான் கண்ணாடிக் கடை வேலைக்கு ஓட முடியும். அவரை எழுப்பி, துடைத்து, உடுத்தி, படியிறக்கி முன் சீட்டில் சாய்த்து வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். அதன்பிறகு இந்தக் காரின் நாட்டியம்.

கார் ஆட ஆரம்பித்ததும் அவருடைய இடது கையும் ஆரம்பித்துவிடும். விரல் முட்டியை மடக்கிக் கதவில் டக் டக் டக் என்று தட்டுவார். நிறுத்துவார். மறுபடி டக் டக் டக். கார் அடங்கியதும் கையும் அடங்கும். வண்டி குலுங்குவதால் கைக்கு ஏதோ ஆகிறது என்று நினைத்தேன். பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டதற்கு, “அது தானா வர்ற அசைவுங்க, கண்டுக்காதீங்க” என்றாள். கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? முட்டித் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பழைய துண்டு ஒன்றை எடுத்து, கையை மடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். இறுக்கமாக இல்லை, இதமாகத்தான் கட்டினேன்.

ஒரு நாள் தெருமுனையில், பெரிய ரோட்டில் திரும்பும் இடத்தில் கார் நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் சாவியைத் திருப்புகிறேன், கிளம்புகிறது, குலுங்குகிறது, சாகிறது. பக்கத்தில் துண்டுக்குள் அவர் கை மீன் மாதிரி துள்ளுகிறது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

“சும்மா இருங்களேன்! ஒரு நிமிஷம் சும்மா இருக்கக் கூடாதா? அன்னிக்கே போய்ச் சேர்ந்திருந்தா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி!”

புரியாதவரிடம்தானே சொல்கிறோம் என்ற தைரியம். சுவரிடம் சொல்வதில்லையா, அப்படி. அடுத்த தடவை கார் பிடித்துக்கொண்டது. துண்டுக்குள் கை அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் கார் ஆடியபோதும் கை அசையவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. துண்டை அவிழ்த்துவிட்டேன். பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கு வாயெல்லாம் பல். “பார்த்தீங்களா? குறைஞ்சிருக்கு!” என்றாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

காரை மட்டும் விட்டுவைக்க முடியவில்லை. வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இவருடைய ஷெட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் பதினாலாம் நம்பரிடம் போனேன். அது இவர் வைத்த பெயர். இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் தொழில் கற்றவர்கள். இவருடைய பதினாலாம் நம்பர் ஸ்பானரை அவர் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லையாம். அதோடு பேச்சுவார்த்தை முறிந்து, எதிரெதிரே கடை போட்டு, ஆயுசு முழுக்க முறைத்துக்கொண்டார்கள். ஒரு ஸ்பானருக்கு இந்தப் பாடு.

அவரானால் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். “வாங்க அண்ணி. அண்ணன் எப்படி இருக்காரு?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் காரின் பானெட்டைத் திறந்துகொண்டார். பதிலைக் கேட்க அவருக்குப் பயம் என்று நினைக்கிறேன்.

அவரிடம் கொண்டுபோனால் கார் சமர்த்துப் பிள்ளையாக நின்றது. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், காற்று போகும் வழியெல்லாம் கழுவினார். மறுநாள் காலையில் பழைய கதைதான். மறுபடி போனேன், மறுபடி சமர்த்து.

“இங்க வர்றதுக்குள்ள சூடாயிடுது அண்ணி. ராத்திரி முழுக்கக் கிடந்து, ஜில்லுனு இருக்கும்போதே நான் பார்க்கணும். நானே வீட்டுக்கு வரேன்.”

வந்தார். இவர் உள்ளே படுக்கையில் இருந்தார். பதினாலாம் நம்பர் கூடத்தில் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே காரிடம் போனார். என்னைக் கிளப்பச் சொன்னார். ஆட்டத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல. எதுன்னு பிடிச்சுட்டா போதும். ஒவ்வொண்ணா ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பேன். நல்ல சிலிண்டரா இருந்தா ஆட்டம் இன்னும் மோசமாகும். எதைப் பிடுங்கினா ஒரு மாத்தமும் தெரியலயோ, அதுதான் திருடன்.”

முதல் ஒயரின் முனை காய்ந்து இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. அதோடு மல்லுக்கட்டி, இரண்டாவதற்குப் போவதற்குள் இன்ஜின் சூடாகி, சத்தம் சீராகிவிட்டது. அவர் அப்படியே நின்றார். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அது ஜில்லென்று இருக்கும். அன்றைய தடவை போய்விட்டது. இனி விடிந்தால்தான்.

மறுநாள் இவரை முன் சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். இவரைப் பார்த்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு பானெட்டைத் தூக்கி அதன் பின்னால் மறைந்துகொண்டார். நான் சாவியைத் திருப்பினேன். கார் உதற ஆரம்பித்தது.

பக்கத்தில் டக் டக் டக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நின்றுபோன வியாதி திரும்பிவிட்டதே என்று துண்டைத் தேடினேன். மறுபடி டக் டக் டக்.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து, “சரிண்ணே!” என்று குரல் வந்தது.

ஒரு ஒயர் கழன்ற சத்தம். இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே உதறல். பிறகு பதினாலாம் நம்பரின் தலை மெல்ல வெளியே வந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணி, இப்பத் தட்டினது யாரு?”

“இவருதான். அது தானா வர்ற…”

“தானாவா? மூணுன்னு தட்டினாரு அண்ணி! மூணாவதைப் பிடுங்கினேன், அதேதான்!” அவர் குரல் உடைந்துவிட்டது. “ஷெட்டுல இருக்கிற இரைச்சல்ல கத்தினா காதுல விழாது. ஸ்டியரிங்ல இருக்கிறவர் எத்தனாவதுன்னு கதவுல தட்டுவாரு, பானெட்டுல நிக்கிறவன் அதைப் பிடுங்குவான். நாங்க கத்துக்கிட்ட நாள்லேர்ந்து அப்படித்தான். கை பழக்கம், நான் யோசிக்கக்கூட இல்ல.”

“சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிச்சுட்டாரா?”

“அது யாராலயும் முடியாது. படுக்கையில விழுறதுக்கு முன்னாடியே பார்த்து வச்சிருக்காரு. மூணாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர் ராத்திரியில ஒழுகுது போல. ஞாபகம் வச்சிருக்காரு அண்ணி! எல்லாம் உள்ள அப்படியே இருக்கு!”

அவர் அழுதுகொண்டே சிரித்தார். கதவருகே வந்து, “அண்ணே, அந்த ஸ்பானர் என்கிட்டதான் இருக்கு, கொண்டு வந்து தரேன்ணே” என்று சொல்லிவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது என்றால், தெருமுனையில் நான் சொன்னதும் உள்ளேதான் இருக்கிறது. வாய் போனவர், மிச்சம் இருந்த ஒரு கையால் தினமும் எனக்கு உதவி செய்யப் பார்த்தார். அந்தக் கையையும் நான் கட்டினேன். கட்டை அவிழ்த்தபிறகும் அவர் ஏன் தட்டவில்லை என்பது இப்போது புரிந்தது.

“ஏங்க” என்றேன். “அன்னிக்கு நான் சொன்னது கேட்டுச்சா?”

அவர் முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சுன்னா தட்டுங்க. கேட்கலன்னாலும் தட்டுங்க. கோவம்னா கதவை உடைங்க, பரவால்ல. ஏதாவது ஒண்ணு பண்ணுங்க.”

இன்ஜின் சூடாகிவிட்டிருந்தது. உதறல் நின்று, கார் பூனைக்குட்டியாக உறுமிக்கொண்டிருந்தது. கை மடியில் கிடந்தது. நான் அதை எடுத்துக் கதவின் மேல் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்றிலிருந்து நான்கு வரைதான் அவருக்குச் சொல்லத் தெரியும், அதில் எதுவும் என் கேள்விக்குப் பதில் இல்லை.

பதினாலாம் நம்பர் துடைத்த முகத்தோடு வந்தார். “மத்தியானம் புது இன்ஜெக்டர் வாங்கிட்டு வந்து மாட்டிடறேன் அண்ணி. நாளைலேர்ந்து காலையில ஒரு சத்தம் இருக்காது.”

“வேண்டாம்” என்றேன்.

“என்ன அண்ணி?”

“இப்ப வேண்டாம். நாளைக்குக் காலையிலயும் அது ஆடட்டும்.”