ஒன்றே முக்கால் இஞ்ச்

பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. தையல் ஃபாக்டரியில் சேர்ந்த இரண்டாம் நாளே அது காணாமல் போய்விட்டது. பட்டன் தைக்கிற அக்கா டேப்பைப் பிடித்துத் தோள், மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பேட்டர்ன் மாஸ்டர் அளவுச் சார்ட்டை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் மாறி மாறிப் பார்த்தார். “அடேயப்பா! கால் இஞ்ச் கூடப் பிசகலையே. அச்சு அசல் மீடியம்!” என்று கத்தினார். அன்றிலிருந்து அவள் மீடியம். வீட்டில் புருஷன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

புது டிசைன் எது வந்தாலும் முதல் உருப்படியை அவள் உடம்பில்தான் போட்டுப் பார்ப்பார்கள். கடைப் பொம்மைக்குக் கை தூக்கத் தெரியாது, குனியத் தெரியாது, அக்குளில் பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. மீடியத்துக்கு எல்லாம் தெரியும். உடம்பெல்லாம் குண்டூசியோடு ஆறு வருஷம் நின்றதில், மாஸ்டர் முணுமுணுப்பதை எல்லாம் காதில் வாங்கி, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரையும் வித்தையில் முக்கால்வாசி கற்றுவிட்டாள். மாஸ்டரின் பெரிய மேஜைக்குப் பக்கத்தில் உதவியாளருக்கென்று ஒரு ஸ்டூல் கிடக்கும். அவள் கண்ணெல்லாம் அந்த ஸ்டூல் மேல்தான். இரண்டு தடவை கைக்கு எட்டியது. இரண்டு தடவையும் அவள் பிரசவத்துக்குப் போன நேரமாகப் பார்த்து வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது இருப்பவரும் மாதக் கடைசியில் வேலையை விடுகிறார். “இந்தத் தடவை உனக்குத்தாம்மா,” என்று மாஸ்டர் வாயாலேயே சொல்லியாயிற்று.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுகிறவன். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் இருவரும் உட்கார்ந்து, தீர யோசித்து, ஏகமனதாக ஒரு முடிவெடுத்தார்கள்: இனி வேண்டாம். முடிவெடுத்தது இரண்டு பேர். அதை நிறைவேற்றும் பொறுப்பு எப்படி ஒருத்தி தலையில் மட்டும் வந்து விழுந்தது என்று கேட்டால், அந்த விஷயம் பேச்சிலேயே வரவில்லை. “நீ போய் ஆஸ்பத்திரி சிஸ்டரைப் பாரேன்,” என்றான். அத்தோடு ஐயாவின் கடமை முடிந்தது.

முதலில் மாத்திரை. விடிந்தால் வயிற்றைப் புரட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த அழுகையை என்ன செய்வது? நூல் அறுந்தால் அழுகை. பால் பொங்கினால் அழுகை. ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தூங்கி வழிவதைப் பார்த்து, ஐயோ பாவம், என்ன களைப்போ என்று இறங்குமிடம் வரைக்கும் அழுதாள். முன்பின் தெரியாத மனிதர்!

“பழகிடும்,” என்றான் புருஷன்.

சிஸ்டரும் முதல் இரண்டு மூன்று மாதம் அப்படி இருக்கலாம், அதற்கப்புறமும் இருந்தால் வா என்றுதான் சொல்லியிருந்தாள். இவன் ‘வா’வை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். ஐந்து மாதம் போராடிப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று போடுகிற ஊசிக்கு மாறினாள். வாந்தி நின்றது, அழுகையும் நின்றது. ஆனால் தீட்டு நாள் கிழமை பார்க்காமல் சொட்டுச் சொட்டாக எட்டிப் பார்த்தது. பசியோ பசி. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளைக்கு என்ன என்று மனசு அலைந்தது.

“பழகிடும்,” என்றான் மறுபடியும். இரண்டாவது ஊசி போட்ட சில வாரத்தில், அவள் பாவாடைக் கொக்கியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, “மீடியம் லார்ஜாகிட்டு வருது போலிருக்கே!” என்று வாயை விட்டான். சீப்பு பறந்தது. அவன் குனிந்து தப்பித்தான். லிஃப்ட் குழிக்குள் வேலை செய்கிறவனுக்குச் சரியான நேரத்தில் குனியத் தெரியும்.

சிரிப்பு அவனுக்கு. அவளுக்கோ ஸ்டூல் கை நழுவிவிடுமோ என்ற கவலை. ஏனென்றால் அந்த ஃபாக்டரியில் திங்கட்கிழமை காலை ஒரு வழக்கம் உண்டு. மீடியத்தை அளந்து, அட்டையில் எழுதி, தேதி போட்டு, மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற வேலையே தொடங்கும்.

அந்தத் திங்கள் டேப்பைச் சுற்றிய பட்டன் அக்காவின் கண் விரிந்தது. “என்னடி இது, ஒண்ணே முக்கால் இஞ்ச் கூடுது!” என்று காதோடு கிசுகிசுத்தாள்.

“கத்தாதீங்கக்கா. பழசையே சொல்லிடுங்க. மாசக் கடைசி வரைக்கும்தான்.”

அக்கா டேப்பை மறுபடி சுற்றி, பழைய எண்ணையே சத்தமாகச் சொன்னாள். மாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்களும் அதே கதை. மூன்றாவது திங்கள் அக்கா டேப்பைச் சுற்றுவதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா பெரிய பிளவுஸ் ஆர்டர் வர வேண்டும்? முதல் உருப்படியைப் போட்டால் மார்பில் இறுக்கியது. மாஸ்டருக்கு அட்டை வேதவாக்கு. மீடியத்துக்கு இறுக்கினால் பேட்டர்ன்தான் தப்பு, இதில் என்ன சந்தேகம்? பென்சிலை எடுத்தார், பேட்டர்னைப் பெரிதாக்கினார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நாற்பது சாம்பிள் தைத்துப் போனது. நாற்பதும் பத்து நாளில் திரும்பி வந்தது. ‘மீடியம் என்று நீங்கள் அனுப்பியது எங்கள் மீடியம் அளவுப் பெண்கள் எல்லார் மேலும் தொங்குகிறது’ என்று கூடவே ஒரு கடிதம்.

மாஸ்டருக்குப் பித்துப் பிடித்தது. மர ஸ்கேலை இரும்பு ஸ்கேலோடு ஒட்டவைத்துப் பார்த்தார். துணியை நனைத்துக் காயப்போட்டு அளந்தார். மூன்று டேப்புகளைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். கடைசியில், ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காத கட்டிங்காரர் பக்கம் திரும்பினார்.

“கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சியாய்யா?”

“சத்தியமா இல்ல மாஸ்டர். இருபது வருஷமா பிடிக்கிறேன்…”

“அப்ப துணி தானா வளந்துச்சா?”

கட்டிங்காரரின் உதடு துடித்தது. அதற்குமேல் மீடியத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“துணி வளரல மாஸ்டர். நான்தான் வளந்துட்டேன்.”

அறை முழுக்க மெஷின் நின்றது. பட்டன் அக்கா திடீரென்று எதையோ தொலைத்தவள் போல மேஜைக்கடியில் குனிந்தாள்.

“குழந்தை வேணாம்னு ஊசி போட்டிருக்கேன். அதுல உடம்பு ஏறிடுச்சு. ஸ்டூல் போயிடுமோன்னு பயந்து அக்காவைப் பொய் சொல்ல வெச்சது நான்தான். அவரை விட்டுடுங்க.”

வாழ்நாளெல்லாம் மார்பு சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு என்று கூச்சமில்லாமல் முழங்குகிற மாஸ்டருக்கு, ஊசி என்ற ஒரு சொல்லில் காது சிவந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், கட்டிங்காரரிடம் தலையைச் சொறிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

“உடம்பு ஏறினதுக்கு நான் என்னம்மா சொல்லப்போறேன்? மீடியத்துக்கு வேற ஒரு பொண்ணைப் பாத்துக்கலாம். அட்டையில என் கையெழுத்துக்கு மேல பொய்யை எழுத வெச்சியே, அதுதான் தாங்கல.”

அவள் தலை குனிந்தாள்.

“நாளைக்குச் சரியான சாம்பிள் போயாகணும். எங்கெங்க எவ்வளவு கூடியிருக்குன்னு உனக்குத்தானே தெரியும்? நீயே பேட்டர்ன்ல குறை. அப்புறம் ஸ்டூலைப் பத்திப் பேசலாம்.”

தெரியாமல் என்ன? அந்த ஒன்றே முக்கால் இஞ்ச் எங்கெங்கே போய்க் குடியேறியிருக்கிறது என்று கண்ணாடி முன்னால் நின்று நின்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாளே! முன்பக்கம் ஒன்றேகால், முதுகில் அரை. பென்சில் தயங்காமல் ஓடியது. தைத்துப் பொம்மைக்கு மாட்டினார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. மாஸ்டர் பாராட்டுகிற ஜாதி இல்லை. ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

ஸ்டூல் கிடைத்தது. ஆனால் வியாழக்கிழமை மூன்றாவது ஊசி. போட்டால் இன்னும் மூன்று மாதம் இதே பாடு. போடாமல் விட்டு, மூன்றாவது ஒன்று வந்துவிட்டால் ஸ்டூலுக்குக் கும்பிடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டேப்பை வெட்டிப் போட்ட கட்டத்தில் அவன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, “சரி விடு, பழகிடும்,” என்றான்.

அவள் சீப்பைத் தேடவில்லை. சிஸ்டர் கொடுத்த சீட்டை மேஜையில் வைத்தாள். “வியாழக்கிழமை நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு?”

“சும்மா, பழகத்தான்.”

சிஸ்டரின் அறையில் அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். சிஸ்டர் மேஜை மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி: ஹார்மோன் கிடையாது, ஆனால் சிலருக்குத் தீட்டு அதிகமாகும், வலிக்கும். கைத்தோலுக்கடியில் வைக்கிற குச்சி: வருஷக்கணக்கில் தாங்கும், ஆனால் இதிலும் தீட்டு தாறுமாறாகலாம். வேறு வகை மாத்திரை: ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளும், மாற்றிப் பார்க்கலாம்.

அவன் கடை பரப்பியதைப் பார்ப்பவன் போலப் பார்த்தான். “இத்தனை இருக்கா! எல்லாமே இவளுக்கேவா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல சிஸ்டர் டிராயரைத் திறந்தாள். “உங்களுக்கும் இருக்கே. இது ஆணுறை. இன்னொண்ணு டப்பால வராது, நீங்கதான் வரணும்.”

“அப்படின்னா?”

“ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதா ஒரு துளை. அரை மணி நேரத்துல முடிஞ்சுடும். அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

“ஊசியா?” என்றான், பதினாலு மாடி வீரன். குரல் கீச்சிட்டது. “அப்புறம்… இந்த… பலம் கிலம் குறைஞ்சுடுமா சிஸ்டர்?”

“எந்தப் பலமும் குறையாது. கொஞ்ச நாள் வலி, வீக்கம் இருக்கலாம்.”

“எத்தனை நாள்?”

“பெரும்பாலும் ஒரு வாரத்துல சரியாயிடும்.”

“ஒரு வாரமா!” என்று வாயைப் பிளந்தவன், ஏதோ தோன்றிக் கேட்டான். “இவளுக்கு எத்தனை நாள் இருந்துச்சு?”

சிஸ்டர் அவளுடைய அட்டையை எடுத்து, மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல வாசித்தாள். குமட்டல், ஐந்து மாதம். காரணமில்லாத அழுகை, ஐந்து மாதம். மார்பு வலி, அதே ஐந்து மாதம். ஒழுங்கில்லாத தீட்டு, ஆறு மாதம். எடை ஏழு கிலோ கூடுதல். மொத்தம் பதினோரு மாதம். வீட்டில் ஒவ்வொன்றாக, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் காதில் விழுந்ததெல்லாம் இப்போது ஒரே மூச்சில் வந்து விழுந்தது. ‘பழகிடும்’ தொண்டை வரைக்கும் வந்திருக்க வேண்டும். அவன் அதை அப்படியே விழுங்கியதை மீடியம் பார்த்தாள்.

“இன்னைக்கு அவங்களுக்கு ஊசி வேணாம்,” என்றாள் சிஸ்டர். “ஆணுறையை எடுத்துட்டுப் போங்க, ஒழுங்கா பயன்படுத்துங்க. ஆபரேஷன் நிரந்தரம்னு நினைச்சுத்தான் வரணும். ரெண்டு பேரும் நிதானமா பேசுங்க.”

மீடியம் அவனை வற்புறுத்தவில்லை. அவன் இரண்டு வாரம் லிஃப்டில் பாடவே இல்லையாம், கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, “உனக்கு ஸ்டூல் இருக்கு. எனக்கு ரெண்டு பிள்ளை போதும். ஆபரேஷன் பண்ணிக்கறேன்,” என்றான். தலையை நிமிர்த்தவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை மாத்திரையின் மேல் பழி போட வழியில்லை.

திங்கட்கிழமை அவனை நிற்க வைத்து டேப் பிடித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முழுசாகத் தானே வரைந்த முதல் பேட்டர்ன், புருஷனுக்கு ஒரு தொளதொள பேன்ட். ஆபரேஷன் அன்று வீரன் என்ன செய்தான் என்று கேட்காதீர்கள். ஊசி தோலில் படுவதற்கு முன்பே, அதன் டப்பாவைத் திறந்த சத்தத்திலேயே மயங்கிவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பி, அதன்பிறகு போட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் சுத்தம் என்று ரிப்போர்ட் வரும்வரை ஆணுறையை விடக்கூடாது என்று சிஸ்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் தொளதொள பேன்ட்டோடு, துணியில் சுற்றிய ஐஸை மடியில் வைத்துக்கொண்டு சோஃபாவில் சாய்ந்திருந்தான். சின்னவன் பக்கத்தில் வந்து குதித்தான்; இவன் “ஐயோ!” என்று அலறினான்.

“இன்னும் எவ்வளவு நாள்தான் இப்படி இருக்குமோ!”

அவள் வாயைத் திறந்தாள்.

“சொல்லாத,” என்றான் அவசரமாக.

“எதை?”

“அந்த வார்த்தையை.”

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைதான், எடுத்து வீச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனாலும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உருகிய ஐஸை மாற்றி வைத்து, “ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டாள்.

அவன் அவளையே பார்த்தான்.

“நான் உன்னை இப்படி ஒரு தடவைகூடக் கேக்கலையே,” என்றான்.

“இல்ல.”

“ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?”

“இருந்துச்சு,” என்றாள். பிறகு காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, மாத்திரை போட்ட முதல் நாளிலிருந்து, பஸ்ஸில் தூங்கிய மனிதர் உட்பட, ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். எழுந்து ஓடவும் முடியாத நிலைமை அவனுக்கு. முடிந்தாலும் அன்றைக்கு ஓடியிருக்க மாட்டான்.