மங்களேஸ்வரியின் குரல் வந்து சேரும் நேரம்

மங்களேஸ்வரி காலை ஏழு மணிக்குப் பேசுவது மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே கேட்டது. கண்டி அஸ்கிரியவில் அவள் குடியிருந்த ஒழுங்கையின் சனங்களுக்கு இது பழகிவிட்டது. மரக்கறிக் கடை நபீல் அவள் எழுதி நீட்டும் துண்டைப் பார்த்துச் சாமான் கட்டிக் கொடுப்பார். "கறிவேப்பிலையை மறந்திடாதேங்கோ" என்ற சத்தம், கறி ஆறிய பிறகு அவளுடைய வீட்டுக்குள் கேட்கும்.

எல்லாம் ஒரு படிவம் செய்த வேலை. சனிக்கிழமைகளில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் துருக்கி நாடகங்களின் அம்மாமாருக்குத் தமிழில் குரல் கொடுத்து வந்தாள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று ஒப்பந்தம் அனுப்பியபோது அதை நிரப்பியவர் கணவர் விவேகானந்தன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் படிவம் திரும்பி வந்துவிடும் என்று பயப்படுகிறவர். குரலை எங்கே பாவிக்கலாம் என்ற கேள்விக்கு, ஒரு நாடகம், ஒரு நாடு என்று ஒரேயொரு கட்டத்தில் அடையாளம் போட வேண்டிய இடத்தில், பதினான்கு கட்டத்திலும் போட்டு நேர்த்தியாக மடித்து அனுப்பிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பிறகு கம்பனி அவளைக் கூப்பிடவில்லை. குரல் மட்டும் கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், கொரிய அம்மாவாகவும் பிரேசில் மாமியாகவும் ஓயாமல் உழைத்தது. நாடுகள் கூடக்கூட அது வீடு திரும்பப் பிந்தியது. முதல் வருடம் ஒரு நிமிடம், நாலாம் வருடம் பதினொரு மணித்தியாலம். டொரன்டோவில் இருப்பவர்களுக்கு உடனே கேட்டது. ஒரே மேசையில் சாப்பிடுகிற மனுசனுக்குத்தான் இல்லை. கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். சத்தம் ஒன்றும் வராததால் வைத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் போய் யாரோடு சண்டை பிடிப்பது? அவளும் களைத்துப்போனாள்.

போன ஆனி மாதம் விவேகானந்தனின் இருதயம் கைவிட்டது. ஆஸ்பத்திரியில், மதியம் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். காலை ஏழு மணிக்கு அவர் கேட்டார்: "அந்தப் படிவத்தால என்னோட கோவமோ?"

அவளுடைய உதடு அசைந்தது. உடனே பேனையைத் தேடினாள்.

"கடுதாசி வேண்டாம். வாழ்க்கை முழுக்கக் கடுதாசிதானே பாத்தனான். வாயால சொன்னீர்தானே, அது வரட்டும். நான் இருக்கிறன்."

மதியம் தாண்டியது. டாக்டர் இரண்டு முறை வந்து மெசினைத் தட்டிப் பார்த்தார். கொழும்பிலிருந்து பதில் வர மாதக்கணக்காகக் காத்திருந்து பழகிய மனிதர், மூச்சை மெல்ல மெல்லச் செலவழித்துக்கொண்டு கிடந்தார். ஆறு மணிக்கு, அவள் வாய் மூடியிருக்க, கட்டிலருகே குரல் வந்தது:

"ஓம், நல்ல கோவம். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுக்காக என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

அவர் முழுவதையும் கேட்டார். தலையாட்டினார். பத்து நிமிடத்தில் போய்விட்டார்.

மங்களேஸ்வரி அந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதாள். வாட்டில் ஒரு சத்தமும் இல்லை. நல்ல திடமான மனுசி என்று திரைக்கு அப்பால் நின்ற தாதி நினைத்துக்கொண்டாள்.

அழுகை மறுநாள் விடியற்காலை ஐந்து பத்துக்கு வந்து சேர்ந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டு றலியா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்த நேரம். றலியா கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, அது முடியும்வரை இருந்தார்கள்.